தொப்பையைச் சுருட்டும் கயிறு

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நீ போனை எடுக்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான். எடுத்திருந்தால் நான் இரண்டு வார்த்தை சொல்வேன், நீ நாலு சொல்வாய், அப்புறம் மாதக்கணக்கில் பேச்சே இருக்காது. நடுவில் தபால்காரர் இருந்தால் இரண்டு பேரும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்வோம்.

அன்றைக்கு உன் அத்தான் சொன்ன விதம் தப்பு. படகுப் பாயைச் சுருட்ட மெஷின் வாங்கப் போகிறோம் என்பதைச் சாப்பிடும்போது, அதுவும் சிரித்துக்கொண்டு, "இனிமே உனக்கு ரெஸ்ட்டுதான் மச்சான்" என்று சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் நீ செய்தது மட்டும் சரியா? தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருக்க எழுந்துபோய், படகுச் சாமான் பெட்டியைத் திறந்து உன் தோல் கையுறையை எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். கோபத்தில் காலில் எதைப் போட்டோம் என்றுகூடப் பார்க்கவில்லை. அவருடைய இடது செருப்பு உன் வீட்டில் இருக்கிறது. உன்னுடையது இங்கே இருக்கிறது. அவருக்கு அது விரலைக் கடிக்கிறதாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபர்லர் என்கிற அந்தச் சுருட்டும் மெஷினில் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று பாயைக் கீழிருந்து மேலாகச் சுருட்டுமாம், இன்னொன்று மேலிருந்து கீழாக. எது நல்லது என்றால், "ரெண்டுமே நல்லா போகுது மேடம்" என்கிறார். சேலைக்கடையில் சொல்கிற பதில். நம் தொப்பைக்கு எது சரிவரும் என்று உன்னைத் தவிர யாரிடம் கேட்பது? அந்த மஞ்சள் பாய்க்குத் தொப்பை என்று பேர் வைத்ததே நீதானே. பின்காற்றில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அது படகை இழுக்கிற அழகுக்கு நான் எதையும் கொடுப்பேன். இறக்கும்போதுதான் அதன் குணம் தெரிகிறது.

கோபம் இருந்தால் இருக்கட்டும். பதிலை மட்டும் போடு.

அக்கா

பிப்ரவரி 21

அக்காவுக்கு,

கேட்டதற்குப் பதில்.

கீழிருந்து சுருட்டுவது தட்டையான பாய்க்கு. தொப்பைக்கு அது ஆகாது. கீழே நாலு சுற்று சுற்றிவிட்டு, மேலே பாதிப் பாய் காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கும். அரைக்கிணறு தாண்டின கதை. மேலிருந்து சுருட்டுவதை வாங்கு.

அது வேலை செய்கிற விதம் இது. படகின் மூக்கில் ஒரு டிரம். அதிலிருந்து பாய்மர உச்சி வரைக்கும் முறுக்கேறாத கயிறு ஒன்று போகும். டிரம்மைச் சுற்றிப் பின்னால் வரும் வளையக் கயிற்றை நீ உட்கார்ந்த இடத்திலிருந்து இழுத்தால் டிரம் சுற்றும், டிரம் சுற்றினால் கயிறு சுற்றும், கயிறு போய்ப் பாயின் தலையைச் சுற்றும். பாய் தலையிலிருந்து கீழ்வரைக்கும் தானாகச் சுருண்டுகொள்ளும். பாயின் கால் மட்டும் டிரம்மோடு சேர்ந்து சுற்றாமல், தனிச் சுழலியில் சும்மா நிற்கும். கடைக்காரர் காட்டும் சின்ன டிரம்மை வாங்காதே. பார்க்க லட்சணமாக இருக்கும், இழுக்கும்போது கை கழன்றுவிடும். ஒரு அளவு பெரியது வாங்கு.

எல்லாவற்றுக்கும் உயிர் அந்தக் கயிறுதான். அதைக் கடையில் வாங்க வேண்டாம். லிஃப்டுக்கும் கிரேனுக்கும் கயிறு கட்டிக் கொடுக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறேன், என் சொந்த அக்கா கடைக் கயிறு வாங்கினாள் என்றால் வெளியே தலை காட்ட முடியாது. டிரம் உட்காரும் இடத்திலிருந்து பாய்மர உச்சி வரை அளந்து அனுப்பு.

இனி கேட்காதது.

இத்தனை வருஷமாக ஒவ்வொரு லீவுக்கும் பஸ் பிடித்து வந்து அந்த மூக்கில் நின்றவன் நான். பாய் மேல் நீள உறையை இழுத்து இறக்கி, அது அடங்காமல் துள்ளும்போது கட்டிப்பிடித்துப் படுத்தவன் நான். அந்த வேலைக்கு ஒரு மெஷின் வருகிறது என்றால் எனக்கு முதலில் சொல்லியிருக்கலாம். வந்து சும்மா உட்கார்ந்து, நீங்கள் இரண்டு பேரும் படகு ஓட்டுவதை வேடிக்கை பார்க்க எனக்கு ஆசை இல்லை. ஒப்புக்குச் சப்பாணியாக இருக்க நான் எதற்கு?

செருப்பு பார்சலில் வரும்.

தம்பி

மார்ச் 4

தம்பிக்கு,

மேலிருந்து சுருட்டுவதை, பெரிய டிரம்மோடு வாங்கியாகிவிட்டது. கடைக்காரர் சின்னதே போதும் என்றார். தம்பி சொன்னான் என்றேன். தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டார். கோபித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்லிவிட்டேன்.

அளந்த கதையைக் கேள். அளவு நாடாவின் முனையைப் பாயேற்றும் கயிற்றில் கட்டி உச்சிக்கு ஏற்றினோம். உன் அத்தான் அறுவை செய்த முழங்காலை நீட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்து கயிறு பிடித்தார், நான் மூக்கில் குனிந்து எண்ணைப் படித்தேன். காற்றில் நாடா பாம்பு மாதிரி நெளிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண். அவர், "பல் டாக்டருக்கு மில்லிமீட்டர்தான் வரும், மீட்டர் வராது" என்று கிண்டல் செய்தார். காற்று விழட்டும் என்று காத்திருந்து அளந்தோம். எண் தனிச் சீட்டில் இருக்கிறது. அடித்தல் திருத்தல் கிடையாது.

நீ கேட்காததற்கு நானும் பதில் எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஒரு நோயாளி வந்தார், அப்புறம் ஒரு குழந்தை என் விரலைக் கடித்தது, அப்புறம் எனக்கே தைரியம் போய்விட்டது. உன்னை வேண்டாம் என்று யாரும் நினைக்கவில்லை. இப்போதைக்கு இதை மட்டும் நம்பு. மூக்கில் இனி யாரும் போகத் தேவையில்லாத படகு எனக்கு வேண்டும். உன் அத்தானும் போகக் கூடாது, நானும் போகக் கூடாது, நீயும் போகக் கூடாது. ஏன் என்று கேட்டால் இன்னொரு நாள் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரி நலமா? அவளுடைய கடைவாய்ப் பல் இன்னும் வலித்தால் கிராம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் யாரையாவது பார்க்கச் சொல். பல்லுக்குப் பொறுமை கிடையாது.

அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

கயிறு வருகிறது. பெட்டியைப் பிரிக்கும்போது கத்தியால் கிழிக்காதே.

இதைக் கட்ட எனக்கு ஐந்து சாயங்காலம் ஆனது. பட்டறையில் எல்லாரும் போன பிறகு செய்தேன். இரண்டு முனையிலும் உலோகக் கண்ணி வைத்துச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். முதலாளி வந்து பார்த்து இது எந்த லிஃப்டுக்கு என்றார். எங்கள் அக்கா லிஃப்டுக்கு என்றேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீ எந்த அளவு சொன்னாலும் நான் அதில் ஒரு சாண் குறைத்துத்தான் வெட்டுவேன், அது உனக்குத் தெரியும். ஜன்னல் திரையிலிருந்து கொடிக்கயிறு வரைக்கும் அப்படித்தான். இந்தத் தடவையும் கத்தியை வைக்கப் போகும்போது, பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்த இவள் பக்கத்தில் நின்று, "ஒரு தடவையாவது அக்கா சொன்னதை நம்புங்களேன்" என்றாள். சரி, சண்டைதான் இருக்கிறதே, அவமரியாதை வேறு எதற்கு என்று நீ எழுதின எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டேன். டிரம்மின் உயரமும் சுழலியின் உயரமும் மட்டும் கழித்தேன். அது கணக்கு. உன் வார்த்தையில் கை வைக்கவில்லை.

மாட்டும்போது கவனி. பாயின் காலை டிரம்மில் கட்டாதே, அதன் மேல் இருக்கும் தனிச் சுழலியில் கட்டு. கயிற்றை ஏற்றிவிட்டு வின்ச் உருளையில் வைத்து இறுக்கு. விரலால் தட்டினால் விண்ணென்று இருக்க வேண்டும். துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கினால் பாயை ஏற்றவே ஏற்றாதே. தொங்குகிற கயிறு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும், பாயைச் சுற்றாது. முதலில் கரையில் கட்டிவைத்தே சுருட்டிப் பார்.

மூக்கில் ஏன் யாரும் போகக் கூடாது என்று நீ இன்னும் சொல்லவில்லை.

தம்பி

ஏப்ரல் 12

தம்பிக்கு,

முதலில் இதைப் படி: யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பாய் நனைந்தது, என் கண்ணாடி கடலோடு போனது, அவ்வளவுதான்.

உன் கடிதம் கயிறு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது. பெட்டி ஓட்டமாக வந்துவிட்டது, கடிதம் ஆடி அசைந்து வந்தது. எங்களுக்குப் பொறுமை இல்லை. பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்து மாட்டினோம். பாயின் காலைச் சரியான இடத்தில்தான் கட்டினேன், அதில் குறை சொல்ல முடியாது. கயிற்றை ஏற்றினோம். கயிற்றின் மேல்முனையில் இருக்கும் சுழலி பாய்மர உச்சியைப் போய் முட்டிவிட்டது, இனி ஒரு விரல்கூட ஏறாது. ஆனால் கயிறு லேசாகத் தொங்குகிறது. உன் அத்தான், "புதுக் கயிறு, காத்து பட்டா நிமிந்துடும்" என்றார். காற்று பட்டு நிமிர்வதற்கு அது என்ன முறுக்கு மீசையா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் வேறு ஒன்றை நம்பியிருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொப்பை விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! கயிற்றை விட்டதும் மடமடவென்று அவிழ்ந்து ஒரு தட்டலில் நிறைந்தது. படகு முதுகில் யாரோ தள்ளின மாதிரி கிளம்பியது. உன் அத்தான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார், நான் நிறுத்தச் சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்.

திரும்பும் முன் காற்று ஏறியது. சுருட்டலாம் என்று வளையக் கயிற்றை இழுத்தேன். டிரம் சுற்றுகிறது, நானும் இழுக்கிறேன், பாய் அசையவே இல்லை. பார்த்தால் கயிறு நடுவில் பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருண்டு சுருண்டு முடிச்சாகிக் கிடக்கிறது. மேலே பாயின் தலை எனக்கென்ன என்று நிற்கிறது. படகு நிற்காமல் ஓடுகிறது.

உன் அத்தான் எழுந்தார். "நான் முன்னாடி போய்ப் பாக்கறேன்" என்றார், அந்த முழங்காலோடு.  அப்புறம் நான் போட்ட சத்தத்தில் அவர் உட்கார்ந்துவிட்டார். சுக்கானை நான் வாங்கி, காற்றுக்கு நேர் முதுகைக் காட்டி, பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாயின் நிழலில் தொப்பையை ஒளித்தேன். மூச்சுப் போனதும் அது துவண்டது. பாயேற்றும் கயிற்றை அவரை மெல்ல விடச் சொன்னேன். பாதி கடலில் விழுந்தது, பாதி என் தலைமேல். மஞ்சள் துணிக்குள் உட்கார்ந்து நான் அழுதேன். அவர் துணியை விலக்கிப் பார்த்து, கண்ணாடிக்காக அழுகிறேன் என்று நினைத்து வேறு வாங்கலாம் என்றார்.

கண்ணாடிக்காக இல்லை. போன வருஷம் உறை பாதியில் சிக்கினபோது நீ மூக்கில் அதோடு மல்லுக்கட்டினாயே, அன்றைக்கு ஒரு அலை. உன் இரண்டு காலும் படகோரக் கம்பிக்கு வெளியே போனதை நான் சுக்கானிலிருந்து பார்த்தேன். ஒரு கையில் தொங்கினாய். நான் சுக்கானை விட்டால் படகு திரும்பிப் பாய் உன்னை அடித்துத் தள்ளும், விடாவிட்டால் நீ விழுகிறாய். நான் விடவில்லை. நீயே ஏறி வந்து, சிரித்துக்கொண்டு டீ கேட்டாய். நானும் ஊற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நீ ஒவ்வொரு தடவை முன்னால் போகும்போதும் பயத்தில் நான் உன் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னைப் போகாதே என்றால் கேட்கமாட்டாய். அதனால்தான் மெஷின். உன் இடத்தைப் பிடுங்க இல்லையடா, நீ எனக்கு வேண்டும் என்பதற்காக.

இப்போது கயிற்றுக் கதை. நீ ஒரு சாண் குறைப்பாய் என்று எனக்குத் தெரியாதா? அதனால் நான் ஒரு சாண் கூட்டி எழுதினேன். குறைத்தால் சரியாக வரும் என்று. உன் வாழ்நாளில் முதல் தடவையாக இந்தத் தடவை பார்த்து நீ என்னை நம்பித் தொலைத்தாய்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். கடைசி வரியில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து இவளுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கால் வெளியே போன இடம் வந்ததும் என்னால் வாசிக்க முடியவில்லை. இவளுக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். நீ பார்த்திருக்கிறாய், பார்த்துவிட்டு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாய். மிச்சத்தை இவளே வாங்கி வாசித்தாள். 

சுக்கானை விடாமல் பிடித்ததுதான் சரி. விட்டிருந்தால் இப்போது கடிதம் எழுத ஆள் இருக்காது. அதை மனசில் போட்டு உருட்டாதே.

அன்றைக்கு நான் பயந்தேன். கை வழுக்கியது ஞாபகம் இருக்கிறது. ஏறி வந்ததும் அந்தப் பயம் உனக்குத் தெரியக்கூடாது என்றுதான் டீ கேட்டேன்.

நீ சொன்னதற்கு நானும் ஒன்று சொல்கிறேன். எனக்கு ஒரு இடத்துக்குச் சும்மா போகத் தெரியாது. உன் வீட்டுக்கு வந்தால் குழாயைப் பார்ப்பேன், கீலுக்கு எண்ணெய் விடுவேன். படகுக்கு வந்தால் மூக்கில் நிற்பேன். வேலை இருந்தால் வரலாம், உட்காரலாம், சாப்பிடலாம். வேலை போய்விட்டால் என்ன சொல்லிக்கொண்டு உன் வீட்டுக் கதவைத் தட்டுவது? அத்தான் ரெஸ்ட் என்றதும் எனக்கு அதுதான் கேட்டது. அந்தக் கோபம்தான்.

கயிற்றைக் கழற்றி அனுப்பு. ஒரு சாண் வெட்டி, கண்ணியைத் திரும்பக் கட்டித் தருகிறேன். முடிச்சு விழுந்த இடத்தில் உள்நூல் உடைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்.

தம்பி

ஏப்ரல் 26

தம்பிக்கு,

அனுப்ப முடியாது. கயிறு இங்கேதான் இருக்கிறது. வந்து வெட்டு.

தடவிப் பார்த்தேன், உடையவில்லை. உன் செருப்பும் இங்கே இருக்கிறது. பார்சலில் அவருடையதை அனுப்பினாய், உன்னுடையதை நான் திருப்பி அனுப்பவில்லை. ஒரு செருப்போடு எத்தனை நாள் இருப்பாய்?

அவளையும் கூட்டிக்கொண்டு வா. பல்லைப் பார்க்கிறேன்.

அக்கா

மே 19

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். இவளுக்குப் பல் வலி போய்விட்டது. வழி முழுக்க வாயைத் திறந்து திறந்து காட்டிக்கொண்டு வந்தாள்.

அங்கே வாயைத் திறந்து சொல்லாததை எழுதுகிறேன். எதிரில் இருந்தால் எனக்கு வராது.

வெட்டிக் கட்டின கயிற்றை ஏற்றி, வின்ச்சில் இறுக்கி, அத்தான் விரலால் தட்டினார். விண்ணென்றது. அதோடு என் வேலை முடிந்தது. பாயை அவிழ்க்கும் நேரம் வந்ததும் என் கால் பழக்கத்தில் முன்னால் கிளம்பிவிட்டது. கையுறையைக்கூடப் போட்டுவிட்டேன். நீ சுக்கானிலிருந்து, "எங்கடா போறே? உக்காரு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். நான் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கையுறையோடு மடியில் வைத்துக்கொண்டேன், பெண் பார்க்க வந்தவன் மாதிரி.

அப்புறம் தொப்பை விரிந்தது.

அக்கா, எத்தனை வருஷம் அந்தப் பாயோடு மாரடித்திருக்கிறேன். எல்லாம் அதன் அடியில் நின்றுதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் கீழ்த் தையலும், கால் கண்ணியும், என் முகத்தில் அடிக்கும் துணியும்தான். அது முழுசாக எப்படி இருக்கும் என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவ்வளவு பெரிசு என்று தெரியாது. வெயில் அதற்குள் நுழைந்து, அத்தான் முகம், உன் முகம், இவள் கையில் இருந்த தம்ளர், எல்லாம் மஞ்சளாக இருந்தது. நீங்கள் இதையெல்லாம் இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஒருத்தரும் சொல்லவில்லை. அதற்குக் கோபப்படலாமா என்று யோசித்தேன். கோபம் வரவில்லை.

திரும்பும்போது அத்தான் உட்கார்ந்தபடியே வளையக் கயிற்றை இழுத்தார், முழங்காலை நீட்டிக்கொண்டு. உச்சியில் முதல் சுற்று விழுந்ததைப் பார்த்தேன். அப்படியே இறங்கி இறங்கி, சிணுங்காமல் கம்பு மாதிரி சுருண்டு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் அந்தப் பழைய பயம் இல்லை. அது இருந்தது என்பதே, இல்லாமல் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தம்பி

மே 28

தம்பிக்கு,

படகைக் கழுவும்போது பார்த்தேன், சாமான் பெட்டிக்குள் பழைய கொக்கியில் உன் கையுறை தொங்குகிறது. மறந்துவிட்டாயா? பட்டறைக்குத் தேவைப்படும் என்றால் அனுப்பிவைக்கிறேன்.

உன் அத்தான் தினமும் கயிற்றைப் போய்த் தட்டிப் பார்க்கிறார். தட்டித் தட்டியே தளர்த்திவிடுவார் போலிருக்கிறது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. அதற்கு ஆள் சொல்லியிருக்கிறேன், நீ கவலைப்படாதே.

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

மறக்கவில்லை. கையுறை அங்கேயே இருக்கட்டும்.

குழாயை அந்த ஆளே பார்க்கட்டும். அடுத்த மாத லீவுக்கு நானும் இவளும் வருகிறோம். வேலை ஒன்றும் இல்லை. சும்மாதான்.

தம்பி